ஒரே வேலைக்கு இரண்டு வினைகள்: ஆங்கிலம் ஏன் இப்படி இருக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். ஒத்திவைப்பதை நீங்கள் ‘போஸ்ட்போன்’ என்று எழுதுகிறீர்கள். உங்களோடு வேலை பார்க்கும் இங்கிலாந்துக்காரர்கள் ‘புட் ஆஃப்’ என்கிறார்கள். ஒரே வேலைக்கு இரண்டு வினைகள் எதற்கு என்பது முதல் கேள்வி. ஒரு வினை ஜெர்மானிய வழியில் வந்ததா, லத்தீன் வழியில் வந்ததா என்று அகராதியைத் திறக்காமல் கண்டுபிடிக்க முடியுமா என்பது இரண்டாவது. ‘டவுட்’ என்று எழுதும்போது ஒலிக்காத ‘பி’ ஏன் நடுவில் நிற்கிறது என்பது மூன்றாவது. முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்திருக்கிறேன். வகுப்பில் இப்படி யாராவது கேட்டால் அன்றைய பாடத்தை மூடிவைத்துவிட்டு இதையே பேசுவேன். அதனால் பதில் நீளமாக இருக்கும்.

சாவைக் குறிக்கும் வினைகளிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கிலத்தின் மண்ணடுக்குகள் எல்லாம் அந்த ஒரு செயலிலேயே தெரிகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர் இறப்பதற்குச் சொன்ன வினைகளில் ஒன்று ‘ஸ்டியோர்ஃபன்’. அதன் உடன்பிறப்பு ஜெர்மன் மொழியில் ‘ஷ்டெர்பன்’ என்று இன்றும் அதே பொருளில் வாழ்கிறது. ஆங்கிலத்தில் அது ‘ஸ்டார்வ்’ ஆகி, பட்டினி கிடப்பது, பட்டினியால் சாவது என்று சுருங்கிவிட்டது. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்த ‘டை’, ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. பிறகு பிரெஞ்சு வழியாகப் ‘பெரிஷ்’ வந்தது. லத்தீனில் ‘பெர்’ என்றால் ஊடாக, முழுவதுமாக. ‘ஈரே’ என்றால் போவது. ஆக, போயே போய்விடுவது. அதற்கும் மேலடுக்கில் ‘எக்ஸ்பயர்’ இருக்கிறது. ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘ஸ்பிராரே’ என்றால் மூச்சுவிடுவது. ‘எக்ஸ்பயர் ஆகிவிட்டார்’ என்று நம் ஊர் மருத்துவமனை வராந்தாக்களில் கேட்டிருப்பீர்கள். கடைசி மூச்சை வெளியே விட்டார் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். ‘உயிர் போய்விட்டது’ என்று நம் பாட்டிமார் சொல்வதற்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

இந்த அடுக்குகள் எப்படி ஏற்பட்டன என்று பார்ப்போம். 5ஆம் நூற்றாண்டில் இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்டுகள் பிரிட்டனுக்கு வந்து குடியேறினார்கள். அவர்கள் பேசியதுதான் ஆங்கிலத்தின் அடித்தளம். ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: ‘ஜெர்மானியம்’ என்பது ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர். ஆங்கிலம் ஜெர்மன் மொழியிலிருந்து பிறக்கவில்லை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். டச்சும் சுவீடிஷும் நார்வீஜியனும் அந்த வீட்டுப் பிள்ளைகளே.

793இல் வட இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை வைக்கிங்குகள் சூறையாடினார்கள். கொள்ளையடிக்க வந்தவர்களின் கூட்டத்தார் அடுத்த நூற்றாண்டில் வட இங்கிலாந்திலும் கிழக்கு இங்கிலாந்திலும் நிலம் பிடித்து, உழுது, பெண் எடுத்துக் குடும்பம் நடத்த ஆரம்பித்தார்கள். அவர்கள் பேசிய நார்ஸும் பழைய ஆங்கிலமும் நெருங்கிய உறவு மொழிகள். ஓரளவு ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிந்திருக்கும். அதனால்தான் பண்டத்தின் பெயர், பதவியின் பெயர் என்று நிற்காமல், அன்றாட வினைகளே இடம் மாறின. ‘டேக்’, ‘கெட்’, ‘கால்’, ‘ஹிட்’, ‘ரெய்ஸ்’, ‘வான்ட்’ எல்லாம் நார்ஸ். ‘வான்ட்’ என்பதன் மூலப்பொருள் ‘இல்லாமல் இருப்பது’. இல்லாததைத்தானே மனம் கேட்கிறது! எடுப்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘நிமன்’ என்ற வினை இருந்தது. ‘டேக்’ வந்ததும் அது செத்துவிட்டது. ஆனால் அதன் ஓர் எச்சத்தை நாம் இன்றும் பல் மருத்துவரிடம் சொல்கிறோம்: ‘நம்’, அதாவது மரத்துப்போனது. உணர்ச்சி ‘எடுக்கப்பட்ட’ நிலை அது. ‘கிவ்’ என்பதன் கதை இன்னும் நுட்பமானது. அந்த வினை ஆங்கிலேயரிடம் முன்பே இருந்தது. ஆனால் முதல் எழுத்தை ‘ய’ போல ஒலித்து ‘யிவ்’ என்பதுபோல் சொன்னார்கள். இன்று நாம் சொல்லும் ‘க’ ஒலி நார்ஸ்காரர்களின் நாக்கிலிருந்து வந்தது.

1066இல் பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியை ஆண்ட வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று அரசனானார். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, தேவாலயத்தில் லத்தீன், வயலிலும் அடுப்படியிலும் ஆங்கிலம் என்று நாடு மூன்று மொழிகளில் வாழ்ந்தது. 1066 முடிந்தவுடன் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாகப் புகுந்துவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. 1204இல் இங்கிலாந்து அரசர் நார்மண்டியை இழந்தார்; மேல்தட்டுக் குடும்பங்கள் மெல்ல மெல்ல ஆங்கிலம் பேசத் தொடங்கின. பேசும்போது பழகிய பிரெஞ்சுச் சொற்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 14ஆம் நூற்றாண்டிலும்தான் அந்த வெள்ளம் உச்சத்தில் இருந்தது. ஆதிக்கம் செய்யும் காலத்தைவிட, ஆதிக்கம் செய்தவர்கள் மொழி மாறும் காலத்தில் அதிகச் சொற்கள் கைமாறின என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. 1362இல் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டம் எழுதப்பட்ட மொழியோ பிரெஞ்சு.

கடைசி அடுக்கு 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வந்தது. அறிஞர்கள் லத்தீன் நூல்களிலிருந்து நேராகச் சொற்களை அள்ளிப் போட்டார்கள். எந்த அளவுக்கு என்றால், 1604இல் ராபர்ட் காட்ரி என்ற ஆசிரியர் ஆங்கிலேயருக்கென்றே ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி என்று அதைச் சொல்வார்கள். அதில் இருந்தவை சுமார் 2500 கடினச் சொற்கள்; பெரும்பாலும் லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் கடன் வாங்கியவை. உண்பது, உறங்குவது, போவது, வருவது இவற்றுக்குப் பொருள் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இன்று நிலைமை என்ன? ஆங்கில அகராதியை எடைபோட்டால் பாதிக்கு மேல் பிரெஞ்சும் லத்தீனும்தான். பேச்சை எடைபோட்டால் தராசு மறுபக்கம் சாய்ந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில உரைத்தொகுப்பிலிருந்து எடுத்த, மிக அதிகமாகப் புழங்கும் 25 வினைகளின் பட்டியல் ஒன்று உண்டு. ‘பீ’, ‘ஹேவ்’, ‘டூ’, ‘சே’, ‘கெட்’, ‘மேக்’, ‘கோ’, ‘நோ’ என்று போகும் அந்தப் பட்டியலில் பிரெஞ்சு வழியில் வந்தவை இரண்டே இரண்டு: ‘யூஸ்’, ‘ட்ரை’. மற்ற 23ம் ஜெர்மானியம். அவற்றில் ‘கெட்’, ‘டேக்’, ‘வான்ட்’, ‘சீம்’, ‘கால்’ ஆகிய ஐந்தும் நார்ஸ்காரர்கள் கொடுத்தவை. இன்னொன்றையும் கவனியுங்கள்: 25 வினைகளும் ஓரசைச் சொற்கள்.

இதை வைத்துக்கொண்டு ‘சின்னச் சொல் என்றால் ஜெர்மானியம், பெரிய சொல் என்றால் லத்தீன்’ என்று சில வழிகாட்டி நூல்கள் எழுதிவிடுகின்றன. அரை உண்மை அது. அதனாலேயே எனக்கு அதன்மேல் கோபம் வரும். ‘பே’, ‘புஷ்’, ‘கேரி’, ‘மூவ்’, ‘சேஞ்ச்’, ‘கேட்ச்’, ‘க்ரை’ எல்லாம் பிரெஞ்சு வழியில் வந்தவை. மூன்று வயதுக் குழந்தை பேசும் சொற்கள் அவை. ‘பே’ என்பது லத்தீனில் அமைதியைக் குறிக்கும் ‘பாக்ஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. கடன் கொடுத்தவரைச் சமாதானப்படுத்துவதுதான் பணம் கட்டுவதன் மூலப்பொருள். வட்டிக்கு வாங்கியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ‘புஷ்’ என்பதன் மூலம் ‘புல்சாரே’. நாடித்துடிப்பைக் குறிக்கும் ‘பல்ஸ்’ அதே குடும்பம். ‘கேரி’ என்பது வண்டியைக் குறிக்கும் ‘கர்ருஸ்’ என்பதிலிருந்து வந்தது. அந்தச் சொல்லை ரோமானியர்களே இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த கெல்டியரிடமிருந்து வாங்கியிருந்தார்கள். தெருவில் ஓடும் ‘கார்’ அதன் வாரிசு.

பயணத்தைக் குறிக்கும் வினைகள் எனக்குப் பிடித்தமானவை. ‘அரைவ்’ என்பதற்குள் ‘ரீப்பா’ என்ற லத்தீன் சொல் இருக்கிறது. கரை என்று பொருள். கரை சேர்வதுதான் ‘அரைவ்’. ரயில் நிலையத்தில் ‘அரைவல்’ என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் படகு நினைவுக்கு வரும். ‘டிராவல்’ சோகமான சொல். மூன்று கழிகளால் ஆன ‘ட்ரிபாலியம்’ என்ற வதைக்கருவியிலிருந்து பிரெஞ்சில் வேதனை, கடும் உழைப்பு என்ற பொருளில் ஒரு சொல் பிறந்தது. இடைக்காலச் சாலைகளில் போவது அத்தனை துன்பம் என்பதால் ஆங்கிலத்தில் அதுவே பயணம் ஆயிற்று. அதற்கு முன் பயணத்துக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த சொந்தச் சொல் ‘ஃபேர்’. வினையாக அது இப்போது அருகிவிட்டாலும் பஸ் கட்டணத்தில் ‘ஃபேர்’ என்று தங்கியிருக்கிறது. கல்லூரிப் பிரிவு விழாவில் ‘ஃபேர்வெல்’ என்று தங்கியிருக்கிறது. ‘நல்லபடியாகப் போய் வா’ என்பதுதான் அது, எழுத்துக்கு எழுத்து.

இனி ‘புட் ஆஃப்’, ‘போஸ்ட்போன்’. நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. இந்த இரண்டும் வேறு வேறு விதமான சொற்கள் என்று நினைத்துத்தான் நாம் தடுமாறுகிறோம். ‘போஸ்ட்’ என்றால் பின்னால். ‘போனெரே’ என்றால் வைப்பது. பின்னால் வைப்பதுதான் ‘போஸ்ட்போன்’. வைப்பது ‘புட்’, அப்பால் ‘ஆஃப்’. இரண்டும் ஒரே கட்டுமானம்: ஒரு வினை, அதற்கு ஒரு திசை. ஜெர்மானிய வழியில் திசை வினைக்குப் பின்னால் தனியாக நிற்கிறது. லத்தீன் வழியில் முன்னால் ஒட்டிக்கொள்கிறது. தமிழில் ‘ஒத்திவைக்கிறோம்’, ‘தள்ளிவைக்கிறோம்’. நமக்கும் அதே ‘வை’தான்.

இப்படிப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினால் நிறுத்த மனம் வராது. ‘போர்ட்டாரே’ என்றால் சுமப்பது: உள்ளே சுமந்தால் ‘இம்போர்ட்’, வெளியே சுமந்தால் ‘எக்ஸ்போர்ட்’, திரும்பச் சுமந்துவந்து சொன்னால் ‘ரிப்போர்ட்’, கீழிருந்து தாங்கினால் ‘சப்போர்ட்’. பார்ப்பதைக் குறிக்கும் ‘ஸ்பெக்ட்’ உள்ளே பார்த்தால் ‘இன்ஸ்பெக்ட்’. ‘லுக் இன்டு’ என்பதும் அதேதான். ‘சரண்டர்’ என்பது பிரெஞ்சில் ‘மேலே’ என்பதும் ‘கொடு’ என்பதும் சேர்ந்தது. ‘கிவ் அப்’ என்பதோடு வைத்துப் பாருங்கள். ஜெர்மன்காரர் அதையே ‘அவ்ஃப்கேபன்’ என்கிறார். ‘மேலே கொடு’ என்பதுதான் அதுவும். ‘டிஸ்கவர்’ என்றால் மூடியதைத் திறப்பது. ‘எக்ஸ்ப்ளோட்’ ஒரு விசித்திரம்: நடிப்பு பிடிக்காத நடிகரைக் கைதட்டியே மேடையைவிட்டு வெளியேற்றுவதற்கு ரோமானியர் சொன்ன வினை அது. ‘ப்ளோ அப்’ வெடிமருந்துக்கு வந்தது, ‘எக்ஸ்ப்ளோட்’ நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் திசையை முன்னால் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ‘வித்ஸ்டாண்ட்’ என்ற வினையைப் பாருங்கள். ‘வித்’ என்றால் இன்று ‘உடன்’. பழைய ஆங்கிலத்தில் ‘எதிராக’. எதிர்த்து நிற்பதுதான் ‘வித்ஸ்டாண்ட்’. லத்தீன் வழி வந்த ‘ரெசிஸ்ட்’ என்பதிலும் நிற்பதைக் குறிக்கும் ஸ்டாரே குடும்பத்து வினைதான் இருக்கிறது. ‘ஃபைட் வித்’ என்றால் சேர்ந்து சண்டையிடுவதா, எதிர்த்துச் சண்டையிடுவதா என்று மாணவர்கள் குழம்புவார்கள். அந்தப் பழைய ‘எதிராக’ இன்னும் அங்கே மிச்சம் இருக்கிறது. ‘ஃபோர்டெல்’ என்பதைப் பகுதி பகுதியாக லத்தீனுக்கு மாற்றினால் ‘ப்ரிடிக்ட்’: முன் சொல்வது. ‘கெயின்ஸே’ என்பதை மாற்றினால் ‘கான்ட்ரடிக்ட்’: எதிர்த்துச் சொல்வது. ‘ஃபர்கிவ்’ என்பதும் ‘பார்டன்’ என்பதும் ஒரே அச்சு, முழுதாகக் கொடுத்துவிடுவது. இங்கே ஜெர்மானியச் சொல்லைப் பார்த்துத்தான் பிற்கால லத்தீன் தன் சொல்லை வார்த்துக்கொண்டது என்பது பலரின் கருத்து. எப்போதும் லத்தீனே கொடுத்தது, மற்றவர்களே வாங்கினார்கள் என்றில்லை. ‘காம்ப்ரிஹென்ட்’ என்றால் கையால் பற்றுவது. ‘எனக்குப் பிடிபடவில்லை’ என்கிறோமே, அந்தப் பிடிதான்.

அப்படியென்றால் நமக்கு ஏன் ‘போஸ்ட்போன்’ எளிதாகவும் ‘புட் ஆஃப்’ கடினமாகவும் இருக்கிறது? நாம் ஆங்கிலத்துக்குள் நுழைந்த வாசல் அப்படி. இங்கிலாந்துக் குழந்தைக்கு ஆங்கிலம் அடுப்படியிலிருந்து தொடங்குகிறது. ‘கெட் அப்’, ‘புட் ஆன்’, ‘கம் இன்’ என்று தாய் சொல்லக் கேட்டு வளர்ந்து, பள்ளிக்குப் போன பிறகே லத்தீன் சொற்களைச் சந்திக்கிறது. நமக்கு ஆங்கிலம் நீதிமன்றம், தாலுகா அலுவலகம், கல்லூரி வழியாக வந்தது. 1835இல் இந்தியாவுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று மெக்காலே குறிப்பு எழுதியபோது அரசுக்கு வேண்டியிருந்தது ஆங்கிலத்தில் மனு எழுதவும் கோப்பு பார்க்கவும் தெரிந்தவர்கள். அதனால் ‘பர்ச்சேஸ்’, ‘இன்டிமேட்’, ‘கமென்ஸ்’, ‘டிஸ்கன்டின்யூ’ எல்லாம் நமக்கு முதல் நாளே கிடைத்துவிட்டன. ‘புட் அப் வித்’, ‘கெட் ஓவர்’, ‘டர்ன் டவுன்’ கிடைக்கவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டடத்தின் முன்வாசல் வழியாக வந்தவனுக்குப் பின்கட்டு தெரியாது, அவ்வளவுதான்.

அந்த அலுவலக ஆங்கிலத்தை வைத்து நாம் படைத்தவையும் உண்டு. கூட்டத்தை முன்னதாகவே நடத்துவதற்கு இந்தியர்கள் புழங்கும் ‘ப்ரீபோன்’ என்ற வினையை இங்கிலாந்துக்காரர்கள் பிழை என்பார்கள். லத்தீன் கணக்கில் அதில் எந்தப் பிழையும் இல்லை. ‘போஸ்ட்’ பின்னால் என்றால் ‘ப்ரீ’ முன்னால், முன்னால் வைப்பது. அதேபோல ‘ப்ளீஸ் ரிவெர்ட்’ என்று நாம் கடிதத்தில் எழுதுவதையும் கிண்டல் செய்வார்கள், பழைய நிலைக்குத் திரும்புவதுதான் ‘ரிவெர்ட்’ என்று. அவர்கள் எழுதுவது ‘கெட் பேக் டு மீ’. ‘ரீ’ என்றால் திரும்ப. ‘வெர்ட்டெரே’ என்றால் திரும்புவது. இரண்டுக்கும் உள்ளே இருக்கும் படம் ஒன்றுதான். ஆனாலும் வெளிநாட்டவருக்கு எழுதும்போது அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். படிப்பவர் என்ன புரிந்துகொள்கிறார் என்பதுதான் கடிதத்தில் முக்கியம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அகராதி இல்லாமல் வேரைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி ஒன்று உண்டு: இறந்தகாலத்தைச் சொல்லிப் பாருங்கள். ‘சிங், சேங், சங்’, ‘ரைட், ரோட், ரிட்டன்’, ‘ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க்’ என்று உள்ளே உயிரெழுத்து மாறினால் அது ஏறத்தாழ நிச்சயமாக ஜெர்மானியம். வெளியிலிருந்து வந்த வினைகளுக்கு அந்த உள்மாற்றம் தெரியாது; ‘எட்’ என்ற ஒரே விகுதியை மாட்டிக்கொண்டுவிடும். ‘போஸ்ட்போன்ட்’, ‘அரைவ்ட்’, ‘பெரிஷ்ட்’. ஜெர்மானிய வினைகளிலும் ‘லவ்ட்’, ‘ஆஸ்க்ட்’ என்று ‘எட்’ ஏற்பவை ஏராளம் என்பதால் இந்தச் சோதனையைத் தலைகீழாகத் திருப்பக் கூடாது.

இதைத் தமிழரிடம் விளக்குவது எளிது, ஏனென்றால் நம் மொழியிலும் அப்படியேதான் நடந்திருக்கிறது. வந்தான், சென்றான், உண்டான், கேட்டான், விற்றான், அழுதான், போனான் என்று சொந்த வினைகள் ஒவ்வொன்றும் ஒரு வழியில் இறந்தகாலம் காட்டும். வடமொழியிலிருந்து வந்தவற்றைப் பாருங்கள்: ஆரம்பித்தான், யோசித்தான், விசாரித்தான், அனுபவித்தான், நேசித்தான், விவரித்தான். எல்லாவற்றுக்கும் இகரம் சேர்த்து, ‘த்த்’ என்ற ஒரே அச்சில் வார்த்துவிட்டோம். குடித்தான், கடித்தான் என்று சொந்த வினைகளும் அந்த வரிசையில் உண்டு, ‘லவ்ட்’ போல. விருந்தாளிகளுக்கெல்லாம் ஒரே மாதிரி இலை போடுகிறோம். வீட்டுப் பிள்ளைகள்தான் அவரவர் இஷ்டத்துக்குச் சாப்பிடுகிறார்கள்.

விதிவிலக்குகள் சில இருக்கின்றன, அவை சுவையானவை. ‘கேட்ச்’ நார்மன் பிரெஞ்சில் வந்த சொல். ஆனால் ‘காட்’ என்று இறந்தகாலம் காட்டுகிறது. பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் முன்பே இருந்த ஒரு சொந்த வினை அப்படி மாறியதைப் பார்த்து இதுவும் கற்றுக்கொண்டது. பிரெஞ்சிலிருந்து வந்த ‘ஸ்ட்ரைவ், ஸ்ட்ரோவ்’ இன்னொன்று. ‘வெயிட்’ பிரெஞ்சிலிருந்து வந்தது, ஆனால் பிரெஞ்சுக்காரர் அதை ஜெர்மானிய ஃபிராங்குகளிடமிருந்து வாங்கியிருந்தார்கள். ஆங்கிலத்தின் ‘வாட்ச்’ அதன் ஒன்றுவிட்ட சகோதரன். காவலைக் குறிக்கும் ‘கார்ட்’, ‘வார்ட்’ இரண்டும் அப்படித்தான்: ஒன்று பிரான்ஸ் போய்வந்தது, மற்றது ஊரிலேயே இருந்தது. ‘ஸ்டாப்’ என்ற சொல்லோ அசல் ஜெர்மானியம்போல் தோன்றும்; பஞ்சுபோன்ற சணலால் துளையை அடைப்பதைக் குறிக்கும் பிற்கால லத்தீன் வினையிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே வந்தது என்பதுதான் வழக்கமான விளக்கம். ‘ரைட்’ என்பதில் மட்டும் ஆங்கிலம் பிடிவாதமாக இருந்தது. ஜெர்மன் மொழி எழுதுவதற்கு லத்தீனிலிருந்து ‘ஷ்ரைபன்’ என்று வாங்கிக்கொண்டது. ஆங்கிலம் கீறுவதைக் குறித்த தன் பழைய வினையையே வைத்துக்கொண்டது.

ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு சொல்லிவிடக் கூடாது என்பதற்கு ‘ஹேவ்’ நல்ல உதாரணம். லத்தீனில் ‘ஹபேரே’ என்றாலும் ‘வைத்திருப்பது’தான். இரண்டும் ஒன்று என்று யாரும் சத்தியம் செய்வார்கள். உறவே இல்லை. 1822இல் ஜெர்மன் மொழியறிஞர் யாகோப் கிரிம் ஜெர்மானிய மொழிகளின் ஒலிமாற்றங்களை ஒழுங்காக வகுத்துக் காட்டினார். லத்தீனில் ‘ப’ இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஃப’ வரும். ‘க’ இருந்த இடத்தில் ‘ஹ’ வரும். ‘ட’ என்னும் மெல்லொலி இருந்த இடத்தில் அதன் வல்லொலி வரும். ‘பேட்டர்’ எங்கே, ‘ஃபாதர்’ எங்கே என்று பாருங்கள். அந்த விதிப்படி ‘ஹேவ்’ என்பதன் லத்தீன் உறவு ‘க’வில் தொடங்க வேண்டும். தொடங்குகிறது: ‘கபெரே’, பிடிப்பது. ‘கேப்சர்’, ‘ரிசீவ்’, ‘அக்செப்ட்’ எல்லாம் அதன் வழிவந்தவை. ‘கேட்ச்’, ‘சேஸ்’ என்ற இரண்டும் அதிலிருந்து கிளைத்த ஒரே வினையின் இரண்டு வட்டார வடிவங்கள். ‘ஹபேரே’ என்பதன் உண்மையான ஆங்கில உறவோ ‘கிவ்’ என்கிறார்கள். கொடுப்பதும் வைத்திருப்பதும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கின்றன.

ஆக, சில ஜெர்மானிய வினைகளுக்கும் லத்தீன் வினைகளுக்கும் இடையே கடன் உறவு இல்லை, ரத்த உறவு இருக்கிறது. ‘ஈட்’ என்பதற்கு ‘எடெரே’, ‘சிட்’ என்பதற்கு ‘செதேரே’, அறிவதைக் குறிக்கும் ‘நோ’ என்பதற்கு ‘க்னோஸ்கெரே’. அந்தக் குடும்பம் இந்தியாவரை நீள்கிறது என்பதை 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் எடுத்துச் சொன்னார். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு மூலத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்றார். ஜெர்மானிய மொழிகளையும் அதோடு சேர்த்தார். நாம் சொல்லும் ‘ஞானம்’ அந்த ‘நோ’ என்பதன் உறவு. தலையில் ஏற்றும் ‘பாரம்’ ஆங்கிலத்தில் சுமப்பதைக் குறிக்கும் ‘பேர்’ என்ற வினைக்கும், லத்தீன் வழி ‘டிரான்ஸ்ஃபர்’ என்பதில் இருக்கும் ‘ஃபர்’ என்பதற்கும் உறவு. தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் அதை விரிவாகவே நிறுவினார். ஞானமும் பாரமும் நாம் வாங்கிப் பழகிய சொற்கள்.

வாங்குவதை எதிர்த்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கற்பித்த சர் ஜான் சீக், 1557இல் ஒரு கடிதத்தில் நம் மொழியை அயல்மொழிக் கலப்பில்லாமல் ‘க்ளீன்’ ஆகவும் ‘பியூர்’ ஆகவும் எழுத வேண்டும் என்றார். சிலுவையில் அறைவதற்கு லத்தீன் வினை வேண்டாம், ‘க்ராஸ்ட்’ என்றே சொல்வோம் என்று விவிலியத்தை மொழிபெயர்த்தும் பார்த்தார். ‘க்ளீன்’ ஜெர்மானியம்தான், ‘பியூர்’ லத்தீன். அவரை நான் குறைத்துப் பேசவில்லை. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவரின் ஊரில் இருந்துகொண்டு சீக்கைப் புரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. ஆனால் நம்மிடம் ‘ஆரம்பி’ என்பதைத் தள்ளிவிட்டுத் ‘தொடங்கு’ என்று எடுத்துக்கொள்ள முடிந்தது; சொந்தச் சொல் உயிரோடு இருந்தது. ஆங்கிலத்தில் ‘யூஸ்’, ‘ட்ரை’, ‘பே’ போன்றவற்றைத் தள்ள நினைத்தால் கையில் அதே எளிமையோடு வேறு சொல் இருக்காது.

நடைமுறைக்கு எது நல்லது என்று கேட்டால், பேச்சிலும் உடன் வேலை பார்ப்பவருக்கு எழுதும் மின்னஞ்சலிலும் ‘புட் ஆஃப்’ போன்ற குறுவினையை எடுங்கள். ஒப்பந்தம், அறிக்கை, விண்ணப்பம் என்றால் லத்தீன் வினை பொருந்தும். ஒரே சொல்லில் பொருள் நின்றுவிடும். ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திவைப்பதும் ஆகலாம், மனம் வெறுத்துப்போவதும் ஆகலாம். ‘போஸ்ட்போன்’ ஒன்றை மட்டுமே சொல்லும். ஒருவர் வீட்டில் துக்கம் என்றால் மட்டும் தயவுசெய்து ‘எக்ஸ்பயர்’ வேண்டாம். ‘டைட்’ என்று எழுதுங்கள், அல்லது ‘பாஸ்ட் அவே’. மருந்துச் சீட்டுக்கும் கடவுச்சீட்டுக்கும் பயன்படும் சொல்லை ஒரு தாய்க்கு எழுத வேண்டாம். புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் சொல்லும் பயிற்சி ஒன்றே: நீங்கள் அறிந்த ஒரு லத்தீன் வினையை எடுத்து, அதன் திசையையும் வேரையும் பிரித்து, அந்தப் படத்தை இரண்டு சின்ன ஆங்கிலச் சொற்களில் சொல்லிப் பாருங்கள். எல்லா நேரமும் சரியான குறுவினை கிடைக்காது. கிடைக்காதபோதும் அந்த வினை உங்களுக்கு மறக்காது.

கடைசியாக, ‘டவுட்’ என்பதில் ஒலிக்காமல் நிற்கும் அந்த ‘பி’. பிரெஞ்சிலிருந்து இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் ‘பி’ இல்லை. ‘டூட்’ என்பதுபோல் எழுதினார்கள், சொன்னார்கள். லத்தீன் படித்த எழுத்தர்கள் பின்னாளில் மூலச்சொல்லான ‘துபிதாரே’ என்பதைக் காட்டுவதற்காக அந்த ‘பி’யை உள்ளே செருகினார்கள். கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லிலும் அப்படியே செய்தார்கள். எழுத்து ஏறியது, நாக்கு ஏற்றுக்கொள்ளவில்லை. ‘துபிதாரே’ என்பதற்குள் இரண்டைக் குறிக்கும் ‘துவோ’ இருக்கிறது; மனம் இரண்டாகப் பிரிந்து நிற்பது. அந்தச் சொல் வருவதற்கு முன் ஐயப்படுவதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘ட்வேயோகன்’ என்ற வினை இருந்தது. அதிலும் இரண்டுதான் இருக்கிறது, ‘டூ’ என்ற எண்ணை இன்றும் எழுதும்போது ஒலிக்காமல் நிற்கும் அந்த ‘டபிள்யூ’ உட்பட. ஜெர்மன்காரர்கள் இப்போதும் ‘ட்ஸ்வைஃபெல்ன்’ என்கிறார்கள். அவர்கள் மொழியில் ‘ட்ஸ்வை’ என்றால் இரண்டு.